40 மீட்டர் இன்வெர்ட்டட் வி: வெட்டும் அளவும் டியூன் செய்யும் முறையும்

இன்வெர்ட்டட் வி என்பது நடுவை உயர்த்தி, இரு கைகளையும் கீழே சாய்த்துக் கட்டும் ஒயர் ஆன்டெனா. 40 மீட்டரில் இந்திய ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நிலையங்களான நமக்குள்ள பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ். நடுவே 7.1-க்கு டியூன் செய்தால் இரண்டு ஓரமும் எஸ்.டபிள்யூ.ஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு; 1 என்றால் முழுப் பொருத்தம்) 2-க்குள் அடங்கும். அரை அலை ஆன்டெனாவுக்கான சூத்திரப்படி 143-ஐ 7.1-ஆல் வகுத்தால் மொத்த நீளம் 20.14 மீட்டர், அதாவது ஒரு கைக்கு 10.07. அந்த அளவிலேயே வெட்டிவிடாதீர்கள், 10.4 மீட்டர் வையுங்கள். நீளமானதைக் குறைக்கலாம், குறைந்ததை ஒட்டுப்போட்டால் அந்த இடம்தான் முதல் காற்றில் அறும்.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மி.மீ. பல இழை ஒயர் போதும். நடுவில் முக்கால் இஞ்ச் பிவிசி டீ (T வடிவக் குழாய் இணைப்பு). ஒயரைத் துளை வழியே விட்டு முடிச்சுப் போட்ட பிறகே சால்டர் வையுங்கள்; இழுவை முடிச்சில் நிற்க வேண்டும், சால்டரில் அல்ல. உச்சி 9 மீட்டர் உயரம், இரு கைகளுக்கு இடையே 120 டிகிரி இருந்தால் ஆன்டெனாவின் இம்பீடன்ஸ் கேபிளின் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். 90-க்குக் கீழே மடக்க வேண்டாம். முனைகள் ஆள் கைக்கு எட்டக் கூடாது. டிரான்ஸ்மிட் செய்யும்போது மின்னழுத்தம் அங்கேதான் அதிகம், தொட்டால் தோல் வெந்துவிடும். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பார்த்து நடுங்கள்.

———

மேலே ஓஎம் (ஹாம் நண்பர்) சொன்ன 10.4 மீட்டர் சரியான தொடக்கம். நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் முதலில் 6 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரை ஸ்வீப் போட்டு முழுவதையும் அளந்து பாருங்கள். 7.0–7.2 மட்டும் பார்த்தால் பள்ளம் (எஸ்.டபிள்யூ.ஆர் மிகக் குறையும் இடம்) திரைக்கு வெளியே போய்விடும், வெறும் சரிவுதான் தெரியும். பிவிசி உறையாலும், முனைகள் தரைக்குப் பக்கத்தில் இருப்பதாலும் பள்ளம் கணக்கைவிடக் கீழேதான் விழும். உதாரணமாக 6.75-இல் விழுந்தால்: 10.4 × 6.75 ÷ 7.1 = 9.89. ஒரு கைக்கு 51 சென்டிமீட்டர் அதிகம். முதலில் 40 மட்டும் எடுங்கள், மறுபடி ஏற்றி அளந்து பாருங்கள். இந்த நீளத்தில் இரு கையிலும் ஒரு சென்டிமீட்டர் குறைத்தால் ஏறக்குறைய 7 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும்.

இறக்கி வைத்து அளந்த அளவை நம்பி வெட்டவே கூடாது. மொட்டைமாடித் தளத்துக்கு ஓரடி மேலே கிடக்கும் ஒயர், கான்கிரீட் கம்பிகளால் இன்னும் கீழே காட்டும். உயர்த்தினால் மேலே போய்விடும். அதற்கு வெட்டியிருந்தால் ஒயர் வீண்.

———

சோக்கை (கேபிளின் வெளிப்புறத்தில் ரேடியோ மின்னோட்டம் ஓடாமல் தடுக்கும் சுருள்) யாரும் விட்டுவிடாதீர்கள். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிளை 12 சுற்று சுற்றி, டீக்கு அடியிலேயே கட்டுங்கள். அது இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்பின்னலும் ஆன்டெனாவாகிவிடும். சோதனை எளிது: எஸ்.டபிள்யூ.ஆர் மீட்டரைப் பார்த்துக்கொண்டே கேபிளைக் கைப்பிடியில் இறுக்குங்கள். முள் அசைந்தால் கேபிளின் வெளிப்புறத்தில் ஆர்எஃப் (ரேடியோ மின்னோட்டம்) ஓடுகிறது. அந்த நிலையில் ஒயரை எவ்வளவு வெட்டினாலும் டியூன் நிற்காது.

மழைநாளில் பள்ளம் சற்றுக் கீழே இறங்குவது இயல்பு, ஈர உறைதான் காரணம். காய்ந்த பிறகும் திரும்பாவிட்டால் கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. முனையை உரித்துப் பாருங்கள்: செம்புப் பின்னல் பளபளக்காமல் கருத்திருந்தால், நல்ல பின்னல் வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். பிறகு தானாக ஒட்டும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாக, ஓடு வேய்வதுபோல் பாதிக்குப் பாதி ஏற்றிச் சுற்றுங்கள். வீட்டுக்குள் நுழையுமுன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

73 (ஹாம் வழக்கில் வாழ்த்துகள்).