கேம்ஷாஃப்ட் மாற்றிய அனுபவங்கள்: சத்தத்துக்கு ஆசைப்பட்டவர்கள் சொல்லுங்கள்

1970 ஷெவெல் மாலிபு, 350 கன அங்குல இன்ஜின், ஆட்டோமேட்டிக் (மிச்சிகன்)

கேம்ஷாஃப்ட் (சுருக்கமாகக் கேம்) என்றால் இன்ஜினின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு. அதை மாற்றிய என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருடம் குளிர்காலம் முடிந்து வண்டியை வெளியே எடுத்தபோது, கார்புரேட்டர் வழியாக 'பட் பட்' என்று திருப்பி அடித்தது. பிளக், ஒயர், டைமிங் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் வால்வு கவரைக் கழற்றிவிட்டு, பையனை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். மற்ற ராக்கர்கள் (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) எல்லாம் துள்ளுகின்றன. ஐந்தாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் ராக்கர் மட்டும் அரைத்தூக்கத்தில் இருப்பவன் போலத் தலையாட்டுகிறது. டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன். லோப், அதாவது கேமில் உள்ள மேடு, 0.273 அங்குலம் தூக்க வேண்டும், 0.19தான் தூக்கியது. தேய்ந்து போயிருக்கிறது. எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல், காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வு திறந்ததும் மேலே வந்து வெடித்திருக்கிறது.

அது கம்பெனியில் போட்டு வந்த கேம். 300 குதிரைத்திறன் 350-க்கு அந்தக் காலத்தில் கொடுத்தது. லிஃப்டர் (லோபின் மேல் உட்கார்ந்து மேலெழும் துண்டு) 0.050 அங்குலம் எழுந்த இடத்தில் இருந்து அளந்தால், வால்வு திறந்திருக்கும் கால அளவு இன்டேக்குக்கு 195 டிகிரி, எக்ஸாஸ்டுக்கு 202. பரம சாது. அதையே மறுபடி வாங்கியிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

ஆனால் மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் 'லம்ப லம்ப' என்று ஆடுகிற ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடுகிற நிலை) இருந்தால் என்ன என்று தோன்றியது. 224/230, இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களுக்கு நடுவே இடைவெளி 110 டிகிரி உள்ள கேமை வாங்கிவிட்டேன். பெட்டியில் 'தெருவுக்கு ஏற்றது' என்றுதான் போட்டிருந்தது. பொய்யில்லை, எந்தத் தெரு என்பதுதான் கேள்வி.

என் வண்டியில் பின் ஆக்சில் விகிதம் 3.08. கன்வர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்சின் வேலையைச் செய்வது) பழையதே, நிமிடத்துக்கு 1,700 சுற்றுக்கு மேல் நழுவாது. ஐடிலில் 18 அங்குலம் காட்டிய வேக்யூம் (இன்டேக் குழாயின் உறிஞ்சு விசை), புது கேமுக்குப் பிறகு 12-க்கு வந்தது. டிரைவில் போட்டால் 9. அதுவும் ஐடிலை 900-க்கு மேலே ஏற்றி வைத்தால்தான். இல்லாவிட்டால் கியர் விழுந்ததும் இன்ஜின் நின்றுவிடும். இரண்டு வால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடிவிட்டதால், குறைந்த வேகத்தில் எரிந்த புகை இன்டேக் பக்கம் திரும்பிப் போகிறது. வேக்யூம் எங்கிருந்து நிற்கும்?

ஆகஸ்டில் வுட்வர்ட் அவென்யூ ட்ரீம் குரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்துக்குப் போனேன். எறும்பு ஊர்கிற வேகம்தான். ஒவ்வொரு நிறுத்தத்திலும், வேக்யூமில் இயங்கும் பிரேக் பூஸ்டர் உதவிக்கு வரவில்லை. பெடல் கருங்கல் மாதிரி இருந்தது. ஒருமுறை முன்னால் நின்ற வண்டிக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினேன். சுற்றி நின்றவர்கள் சத்தத்தைக் கேட்டுக் கட்டைவிரல் காட்டினார்கள். எனக்கு முதுகெல்லாம் வியர்வை.

3,500 சுற்றுக்கு மேலே வண்டி பறந்தது, மறுக்கவில்லை. அங்கே நான் எப்போது போகிறேன்? மணிக்கு 65 மைலில் 2,600 சுற்றுதான் ஓடுகிறது. சிக்னலில் இருந்து கிளம்பும்போது பழைய கேமைவிட மந்தம். உயர் ஸ்டால் (அதிகச் சுற்றுவரை நழுவும்) கன்வர்ட்டரும் 3.73 ஆக்சிலும் போட்டால் சரியாகும் என்றார்கள். போட்டால் அதே 65 மைலில் 3,100 தாண்டும், சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியரும் கிடையாது. கேமுக்காக மீதி வண்டியையே மாற்றுவதா?

1968 பாண்டியாக் ஜிடிஓ, 400, நாலு கியர் மேனுவல் (டெக்சாஸ்)

எனக்கு நேர்மாறான கதை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் 'நல்ல பிள்ளை' கேம் ஒன்றைப் போட்டிருந்தார். ஐடில் தையல் மிஷின் மாதிரி இருக்கும். ஆனால் கம்ப்ரஷன் விகிதம் 10.75. வால்வைக் குறைந்த நேரமே திறந்து வைக்கும் கேம் என்பதால் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடிக்கொள்கிறது, முழுக் காற்றும் உள்ளே சிக்கி நசுங்குகிறது. ஸ்டார்ட்டரால் சுழற்றிச் சிலிண்டர் அழுத்தத்தை அளந்தபோது 200 பிஎஸ்ஐ. ஜூலை வெயிலில் 93 ஆக்டேன் ஊற்றியும் மேடேறும்போது கலகலவென்று நாக் (பெட்ரோல் கலவை தானாக வெடிப்பது) அடிக்கும், டப்பாவில் கோலிக்குண்டு போட்டு ஆட்டினாற்போல.

744 என்று எண் போட்டு பாண்டியாக் அந்த நாளில் ராம் ஏர் வண்டிகளுக்குக் கொடுத்த கேமின் நகலைப் போட்டேன். 224/236. வால்வு தாமதமாக மூடுவதால் பிஎஸ்ஐ 180 பக்கம் இறங்கியது. இக்னிஷன் டைமிங்கையும் இரண்டு டிகிரி குறைத்தேன், நாக் போய்விட்டது.

பாருங்கள், இன்டேக்கில் உங்களைக் கெடுத்த அதே 224தான். 350-க்கு அது பெரிசு, 400-க்கு நடுத்தரம். என் ஆக்சில் 3.55, கிளட்ச் என் காலில். பூஸ்டர் இல்லாத டிரம் பிரேக், அதனால் வேக்யூம் கவலையும் இல்லை. (பிரேக்கே இல்லை என்பான் என் மைத்துனன்.)

1969 ரோட் ரன்னர், 383 (நியூ ஜெர்சி)

எண்களைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள். நான் சரியான கேமை வாங்கி 20 நிமிடத்தில் கொன்றவன்.

தட்டை லிஃப்டர் உண்மையில் தட்டை இல்லை. அடிப்பாகம் லேசாகக் குவிந்திருக்கும், லோபிலும் இம்மி சரிவு இருக்கும். அதனால்தான் லிஃப்டர் சுழல்கிறது. சுழலாவிட்டால் லோப் அரைபட்டுப் போகும். புது கேமை முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் 2,000 சுற்றுக்கு மேலேயே 20, 30 நிமிடம் ஓட்டச் சொல்வதும் இதற்குத்தான். கிராங்க் வீசியடிக்கிற எண்ணெய்தான் லோபை நனைக்கிறது, ஐடிலில் அது போதாது. நான் கார்புரேட்டரில் பெட்ரோல் நிரப்ப மறந்து, ஸ்டார்ட்டரை அடித்துக்கொண்டே இருந்தேன். லோப்களில் தடவியிருந்த மசகுப் பசையெல்லாம் வழிந்துவிட்டது. ஊற்றியதும் சாதாரண கார் ஆயில். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் காப்பாற்றப் புது ஆயில்களில் தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் சேர்க்கையைக் குறைத்திருப்பது அப்போது தெரியாது.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஜிகினா மாதிரி உலோகத் தூள். இன்ஜினை முழுக்கப் பிரித்துக் கழுவ வேண்டியதாயிற்று. அடுத்து ரோலர் கேம் (லிஃப்டரின் அடியில் உருளும் சக்கரம் உள்ளது) போட்டேன். செலவு மூன்று மடங்குக்கு மேல், ஆனால் இரவில் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

1970 ஷெவெல் மாலிபு

ஜிகினா என்றதும் வயிறு கலங்குகிறது. என் ஆயில் பேனிலும் (இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தட்டு) அது கிடந்தது, கூடவே பழைய டைமிங் கியரின் நைலான் பல் துண்டுகள். கேம் மாற்றுகிறவர்கள் ஆயில் பேனைக் கழற்றாமல் விடாதீர்கள்.

நான் ரோலருக்குப் போகவில்லை. இந்த முறை கேம் கம்பெனிக்கே போன் செய்தேன். அங்கே பேசியவர் வண்டி எடை, ஆக்சில், கன்வர்ட்டர், கம்ப்ரஷன், டயர் உயரம், பவர் பிரேக் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியாக, "ஒரு வாரத்தில் எத்தனை முறை 5,000 சுற்றுக்கு மேலே போவீர்கள்?" என்றார். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லப் பார்த்தேன், அவர் சிரித்துவிட்டார்.

கடைசியில் போட்டது 204/214, லோப் இடைவெளி 112. வால்வு ஸ்பிரிங்கும் லிஃப்டர்களும் புதிது. பழைய லிஃப்டரைப் புது கேமோடு சேர்க்கவே கூடாது. கார்புரேட்டரை முன்கூட்டியே நிரப்பி வைத்தேன், அரைச் சுற்று ஸ்டார்ட்டரிலேயே பற்றிக்கொண்டது. 2,200 சுற்றில் 25 நிமிடம். எக்ஸாஸ்டில் பூசிய பெயின்ட் எரிந்து தெருவே நாறியது, மனைவி ஜன்னலைச் சாத்தினாள்.

இப்போது ஐடில் 700, வேக்யூம் 16, பிரேக் ஒரு விரலுக்கு அடங்குகிறது. சத்தம் மட்டும் வேன் மாதிரிதான். பையனுக்கு அதில் வருத்தம். 224 கேம் அலமாரியில் எண்ணெய் தடவிக் கிடக்கிறது, லிஃப்டர்களை எந்த லோபில் ஓடியதோ அந்த வரிசைப்படியே எண் போட்டு வைத்திருக்கிறேன். மேனுவல் கியர் வண்டிக்காரர் யாராவது வேண்டுமென்றால் கேளுங்கள்.