பிரிட்டிஷ் கேங்ஸ்டர் படம் ‘கெட் கார்ட்டர்’ (1971): எந்தக் காட்சி இன்னும் உறுத்துது?

கரிமணல்:
கடைசி அஞ்சு நிமிஷம். தாதா கின்னியரோட ஆள் எரிக்கைக் கடற்கரைல விரட்டிப் பிடிச்சு, கூடப்பிறந்த ஃபிராங்கைக் கொல்றப்ப அவங்க செஞ்ச மாதிரியே வாயில விஸ்கி ஊத்துறான் கதாநாயகன் கார்ட்டர் (மைக்கேல் கெய்ன்). கையில துப்பாக்கி இருக்கு, ஆனா சுடலை. அதோட அடிக்கட்டையாலயே அடிச்சுக் கொல்றான். நிலக்கரிக் கழிவு போற தொட்டியில பிணம். கம்பியில ஊர்ந்து போய்க் கடல்ல கவிழுது. சிரிச்சுக்கிட்டே துப்பாக்கியைத் தண்ணில எறிய ஓங்குறப்ப நெத்தியில குண்டு. யாரோ ஒருத்தன் திடீர்னு வந்து சுட்டா முடிவா?

ரீல்பெட்டி:
திடீர்னு வரலைங்க. சுடுறவன் டைட்டில் ஓடுறப்பவே இருக்கான். லண்டன்ல இருந்து நியூகாசில் போற ரயில்ல, கார்ட்டர் புத்தகம் படிக்கிற அதே பெட்டியில. விரல்ல ‘ஜே’ எழுத்து மோதிரம். பின்னாடி கின்னியர் போன் பண்றப்ப, மறுமுனைல ரிசீவரைப் பிடிச்ச கையிலயும் அதே மோதிரம். இதை விட்டுட்டா முடிவு புரியாது.

படகுத்துறை:
மோதிரத்தை விடுங்க. கின்னியர் கூட்டத்துப் பொண்ணு கிளெண்டா சாகுற காட்சியைப் பேசுங்க. கார் டிக்கியில அவளை வெச்சுப் பூட்டினது கார்ட்டர். அது தெரியாம எதிராளிங்க காரை டைன் ஆத்துக்குள்ள தள்ளுறாங்க. கார் முங்குது. பார்த்துக்கிட்டு நிக்கிற மைக்கேல் கெய்ன் முகத்துல ஒரு துடிப்பு இல்ல. அடிதடியை விட அதுதான் கொடூரம்.

ஏழாம் வரிசை:
மறுபடி பார்க்கப் போறவங்களுக்கு: 2022ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் அசல் நெகட்டிவ்ல இருந்து எடுத்த 4கே பிரதியைத் தேடுங்க, இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் ஒப்புதல் கொடுத்தது. டிவியில ‘மோஷன் ஸ்மூத்திங்’ (அசைவை வழவழப்பாக்குற வசதி) அணைச்சிடுங்க. ஒளிப்பதிவாளர் சுசிட்ஸ்கியோட கேமரா டாக்குமெண்டரி மாதிரி தள்ளி நின்னு எடுத்தது, வழவழன்னு ஓடினா சீரியல் ஆயிடும். பேச்சு வழக்கு கடினம், சப்டைட்டில் வேணும். ஹெட்போன் கட்டாயம். இசையமைப்பாளர் ராய் பட்டோட டைட்டில் இசைல அவர் வாசிக்கிற கீபோர்டுகள், டபுள் பேஸ், கிறிஸ் கேரனோட தபலா, அவ்வளவுதான். ஆமா, நம்ம தபலாவேதான். போன் ஸ்பீக்கர்ல பேஸும் தபலாவோட அடிநாதமும் காணாமப் போயிடும், ரயில் ஓட்டத்தோட அது சேர்ற இடமே தெரியாது. இடங்களைப் போய்ப் பார்க்க நினைச்சா, பிரம்பிங்கிற தொழிலதிபரைக் கார்ட்டர் மேல இருந்து தூக்கிப் போடுற கேட்ஸ்ஹெட் மாடி கார் பார்க்கை 2010ல இடிச்சுட்டாங்க. கடைசிக் காட்சி எடுத்த பிளாக்ஹால் நிலக்கரிச் சுரங்கமும் 1981ல மூடியாச்சு. கடற்கரை மட்டும் இருக்கு, தொட்டிகள் இல்ல.

கரிமணல்:
ரயில் காட்சியை நிறுத்திப் பார்த்தேன். மோதிரம் இருக்கு.