கேன்சர் டாக்டரின் ஓபியில் ஓரமாக நின்று பார்த்தவை

எம்பிபிஎஸ் மூன்றாம் ஆண்டு விடுமுறையில், சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவர் பின்னாலேயே சுற்ற வாய்ப்பு கிடைத்தது. மெடிக்கல் ஆன்காலஜி, அதாவது கீமோ கொடுக்கும் பிரிவு. உயரமும் எடையும் பார்த்து உடல் பரப்பளவு கணக்கிட்டு டோஸ் எழுதுவதெல்லாம் மேடத்துக்கு நிமிஷ வேலை. மீதி நேரம் முழுக்கப் பேச்சுதான். சாப்பாடு இறங்குகிறதா, காப்பீட்டு அட்டையில் பெயர் சரியாக இருக்கிறதா, ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு.

திருவண்ணாமலைப் பக்கமிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார் ஓர் அக்கா. மார்பகப் புற்று. 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ. அன்றைய ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில், அதாவது தொற்றை எதிர்க்கும் வெள்ளையணு, ஆயிரத்துக்கும் கீழே. மேடம் ஒரு வாரம் தள்ளி வரச் சொன்னார். அக்காவுக்குக் கோபம். "இவ்ளோ தூரம் வந்தாச்சு, போட்டுவிட்டுடுங்க மேடம்." மேடம் விட்டுக்கொடுக்கவில்லை. பதிலுக்கு, "வீட்ல தெர்மாமீட்டர் இருக்கா?" என்றார். "எதுக்கு மேடம், தொட்டுப் பார்த்தாலே தெரியுமே."

சிகிச்சை நோட்டின் அட்டையில் 100.4 என்று பெரிதாக எழுதினார். "இதைத் தொட்டுச்சுன்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் பக்கத்துல இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். பாராசிட்டமாலைப் போட்டுட்டு, விடியட்டும் பார்த்துக்கலாம்னு படுத்துடக் கூடாது." வெள்ளையணு இவ்வளவு குறைந்திருக்கும்போது தொற்று வந்தால் சீழோ வீக்கமோ காட்டாது, பெரும்பாலும் காய்ச்சல் மட்டும்தான் அடையாளம், சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். பாடத்தில் ஒரு பக்கத்துக்கு வரும் விஷயம். அந்த அக்கா கீழே மருந்துக் கடையில் தெர்மாமீட்டர் வாங்கிக்கொண்டு போனதாக நர்ஸ் சொன்னார்.

இன்னொருவர், இரைப்பைப் புற்று, கல்லீரலுக்கும் பரவியிருந்தது. வயதானவர், விவசாயி. அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு மகன்கள் இரண்டு பேரும் முதலில் உள்ளே வந்தார்கள். "அப்பாகிட்ட வயித்துப்புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம் மேடம். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க." ஓபியில் இது அன்றாடக் கோரிக்கை. மேடம் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெரியவரைக் கூப்பிட்டு, பரிசோதனை என்ற பெயரில் மகன்களை வெளியே அனுப்பினார். வயிற்றை அழுத்திப் பார்த்தபடியே, "ஐயா, உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்றார்.

"வாசல்லயே புற்றுநோய்ப் பிரிவுன்னு போர்டு மாட்டியிருக்கீங்களே தாயி. அஞ்சாங் கிளாஸ் படிச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அப்புறம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நிலத்தை மகள் பேருக்கும் சேர்த்து எழுத வேண்டும், நேரம் இருக்கிறதா? மேடம் மாதக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. "ரெண்டு மூணு தடவை மருந்து போட்டு ஸ்கேன் எடுத்தாத்தான் எப்படிக் கேட்குதுன்னு தெரியும். ஆனா பத்திர வேலை இருந்தா தள்ளிப் போடாதீங்க ஐயா." அவருக்குப் புரிந்துவிட்டது.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படிகள் கொண்ட முறை இருக்கிறது, 2000இல் வெளியானது. நோயாளிக்கு ஏற்கெனவே என்ன தெரியும், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்பது அதன் வரிசை. வைவாவுக்காக, அதாவது வாய்மொழித் தேர்வுக்காக, நான் மனப்பாடம் செய்தது. ஆனால் எனக்குத் தெரிந்து அந்தப் படிகளில் மகன்கள் வாசலை மறித்து நிற்பதில்லை. நம் ஊரில் முதல் படியே அவர்களைக் கடப்பதுதான். மேடம் பிறகு அவர்களிடம், "அப்பாவுக்குத் தெரியும், நான் சொல்லலை" என்றார். பெரியவனுக்கு முகம் சிவந்துவிட்டது. சின்னவன் பெஞ்சில் போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு ஒன்று. மருத்துவர் அறையோடு நின்றுவிடாதீர்கள், டே கேர் வார்டில் கீமோ ஏற்றும் நர்ஸ் பக்கத்தில் அரை நாளாவது நில்லுங்கள். டாக்ஸோரூபிசின், அந்தச் சிவப்பு மருந்து, ரத்தக்குழாய்க்கு வெளியே கசிந்தால் சதை வெந்து புண்ணாகிவிடும். அதனால் ஊசியில் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்துப் பார்த்து மெல்ல ஏற்றுவார்கள். மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்பதையும் அவர்களே சொல்லி அனுப்புவார்கள். முக்கியமாக, ஓரமாக நிற்கலாமா என்று நோயாளியிடம் நீங்களே கேளுங்கள். வேண்டாம் என்றவர்களும் உண்டு. மேடம் என்னை வெளியே போகச் சொல்லத் தயங்கியதே இல்லை.