நான்கு மைக் வைத்தும் பேச்சு கலங்கியது ஏன்? – அனுபவப் பகிர்வு

கூட்டப் பதிவாளர்:

ஒரு கலந்துரையாடலைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, மின்விசிறியும் குளிரூட்டியும் இரைந்துகொண்டிருந்த அந்த அறைக்கு ஒரு மைக் போதாது என்று கருதி, மேசை நெடுக நான்கு மைக்குகளை வைத்து, நான்கு தடங்களையும் அப்படியே ஒன்றாகக் கலந்துவிட்டேன். கேட்டுப் பார்த்தபோது, பேச்சு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் ஒலித்தது. ஒற்றை மைக்கின் தடமே அதைவிடத் தெளிவாக இருந்தது.

காரணம் பின்னரே விளங்கியது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்வதால், பேசுபவரிடமிருந்து ஒரு மைக் மற்றதைவிட 34 செ.மீ. தள்ளியிருந்தால், அதே சொல் அதற்கு ஏறக்குறைய 1 மில்லிநொடி பிந்தி வந்து சேர்கிறது. அந்தப் பிந்தலோடு இரு தடங்களைக் கூட்டினால், 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என வரிசையாக ஒன்றின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்துப் பேச்சையே அரித்துவிடுகின்றன. ஆகவே, முதலில் தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, எந்த இடத்தில் மிக நன்றாகப் பொருந்துகின்றன என்று கண்டு, அந்தத் தாமதத்தை நீக்கிய பிறகே கூட்டினேன். (எதிரொலி மிகுந்த அறையில் இப்பொருத்தம் தடுமாறும், நேப், கார்ட்டர் என்ற ஆய்வாளர்கள் 1976இல் விவரித்த முறைகளுள் ஒன்று, அலையின் வலிமையை விட்டுக் கட்டத்தை (அலையின் மேடு பள்ளங்கள் எந்த நேரத்தில் அமைகின்றன என்பதை) மட்டும் கணக்கில் கொள்வதால், எனக்குக் கைகொடுத்தது.) நான்கு தடங்களிலும் உள்ள இரைச்சல் ஒன்றோடொன்று தொடர்பற்றதாக இருந்தால், இரைச்சலுக்கு எதிராகப் பேச்சுக்கு அதிகபட்சம் 6 டெசிபெல் ஆதாயம் கிடைக்கும். சலசலப்பு குறைந்தது, தாழ்ந்த உறுமல் எல்லா மைக்குகளிலும் ஒரே அலையாகப் பதிந்திருந்ததால் அசையவில்லை. பேசுபவர் மாறும்போதெல்லாம் தாமதங்களை மீண்டும் கணக்கிட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

செவித்துணைக் கருவி அணிபவர்:

என் கருவியில் இரண்டு மைக்குகள் ஏறக்குறைய 1 செ.மீ. இடைவெளியில் முன்னும் பின்னுமாக அமைந்துள்ளன. பின்னாலிருந்து வரும் ஒலி பின்மைக்கை 29 மைக்ரோநொடி முன்னதாகத் தொடுகிறது. அதன் சமிக்ஞையை அதே அளவு தாமதப்படுத்தி முன்மைக்கிலிருந்து கழித்தால், பின்புற ஒலி அடங்கிவிடும். இதை அறியாத காலத்தில், கூட்டமான கூடங்களில் சுவரை ஒட்டி, கூட்டத்தைப் பார்த்தே அமர்ந்துவந்தேன். இரைச்சல் முழுவதும் முன்னாலிருந்து வந்ததால், கருவியால் எதையும் கழிக்க இயலவில்லை. இப்போது நண்பரைச் சுவர்ப் பக்கம் அமர்த்தி, கூட்டத்துக்கு முதுகு காட்டி அமர்கிறேன். அந்த ஒரு மாற்றம் எனக்கு மற்றெல்லா அமைப்புகளையும்விடப் பயன்பட்டது. இக்கழித்தல் தாழ்ந்த ஒலிகளையும் மெலிவிப்பதால் கருவி அவற்றை மீண்டும் உயர்த்துகிறது. அமைதியான அறையில் மெல்லிய சீறல் கேட்பது அதனால்தான். ஒரு மைக்கின் துளையில் தூசி அடைத்தாலும் இரண்டின் சமநிலை குலைந்து, திசைத்தன்மை போய்விடும்.

கள ஒலிப்பதிவாளர்:

இரண்டு தனித்தனிப் பதிவுக் கருவிகளைக் கொண்டு, தடங்களைப் பொருத்திக் கூட்டும் இதே முயற்சியில் இறங்கி ஏமாந்தேன். அவற்றின் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலே 10 நிமிடத்தில் 12 மில்லிநொடி விலகிவிடும். தொடக்கத்தில் கச்சிதமாகப் பொருந்திய தடங்கள் சிறிது நேரத்திலேயே இரட்டைக் குரலாகிவிட்டன. எல்லா மைக்குகளையும் ஒரே கருவியில் இணைத்த பிறகே அடுத்த பதிவுக்குச் சென்றேன்.