விண்ணப்பத்தில் இனக் கட்டம்: இருக்க வேண்டுமா, எடுத்துவிட வேண்டுமா? (மலேசியா, சுங்கை சிப்புட் பெற்றோர் விவாதம்)

ஆறாம்படிவ ஆசிரியர்:
"உயர்கல்வி விண்ணப்பத்தில் இனம் கேட்கும் கட்டத்தை நீக்கிவிட்டால் சமவாய்ப்பு தானாக வந்துவிடும்" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. கட்டத்தை அழித்தால் பாகுபாடு அழியாது. அதைக் காட்டிக்கொடுக்கும் கணக்குதான் அழியும். 2017ஆம் ஆண்டின் மலேசிய இந்தியர் பெருந்திட்டம் உயர்கல்வி நுழைவில் நமக்கு 7 விழுக்காட்டை இலக்காக வைத்தது. இனம் கேட்காத விண்ணப்பத்தை வைத்துக்கொண்டு அந்த இலக்கை எட்டினோமா இல்லையா என்று யார் அளப்பது?

கிந்தாக்கரை:
எழுதியவன் நான்தான், ஐயா. இப்போதும் அதையே சொல்கிறேன்: கட்டத்தை எடுங்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய அரசுப் படிப்பான மெட்ரிகுலேசனை 2003இல் மற்றவர்களுக்குத் திறந்தபோது, பூமிபுத்ரா (மலாய்க்காரரும் மற்றப் பூர்வகுடியினரும்) அல்லாத அனைவருக்கும் சேர்த்து 10 விழுக்காடு என்று கோடு போட்டது அந்தக் கட்டத்தை வைத்துத்தான். 2019இல் இடங்களை 25,000இலிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள். 90க்கு 10 என்ற விகிதத்தைத் தொடவில்லை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ (பத்துப் பாடங்களில் ஏ) பெற்றவருக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேசனில் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அன்வார் அறிவித்த பிறகுதான் கதவு சற்றுத் திறந்தது. கணக்கு எடுத்ததால் நாம் இழந்ததை, கணக்கு எடுக்காததால் பெற்றோம்.

ஆறாம்படிவ ஆசிரியர்:
தம்பி, விவரம் திரட்டுவது ஒன்று, அந்த விவரத்தை வைத்து இடம் ஒதுக்குவது வேறொன்று. பிரிட்டனில் விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு மாணவரின் இனத்தைக் கேட்கிறது. ஆனால் அவருக்கு இடம் உறுதியாகும்வரை அந்த விவரத்தைப் பல்கலைக்கழகத்திடம் கொடுப்பதில்லை. தேர்வு முடிந்த பிறகு எந்த இனத்தவர் எங்கே பின்தங்கினர் என்று ஆராய மட்டுமே அது பயன்படுகிறது. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கருதக் கூடாது என்று 2023இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம்கூட, இனவாரியாகக் கணக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. நான் கேட்பதும் அதுதான்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கேட்ட படிப்பு கிடைத்தது, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதை ஒவ்வோர் ஆண்டும் வெளியிட வேண்டும்.

கிந்தாக்கரை:
பிரிட்டன் கதை நமக்கு எதற்கு? அங்கே 90க்கு 10 கிடையாது. இங்கே அந்தக் கட்டம் இருக்கும்வரை அந்தப் பத்தும் இருக்கும்.

லயத்துப் பெண்:
இருவரும் கட்டத்தையே பிடித்துக்கொண்டு சண்டையிடுகிறீர்கள். அந்தக் கட்டத்துக்குள் எங்களைக் காணவில்லை. ஈப்போ மருத்துவரின் மகனும், பால்மரம் வெட்டிய பாட்டி வளர்த்த என் மகளும் 'இந்தியர்' என்ற ஒரே எண்ணில் அடங்கிவிடுகிறார்கள். அவருடைய மகனுக்கு இடம் கிடைத்தாலே இந்தியருக்குக் கிடைத்துவிட்டது என்று எழுதிவிடலாம். அண்ணன் பெருமையாகச் சொன்ன 10 ஏ விதியையும் பாருங்கள். என் மகள் எடுத்ததே ஒன்பது பாடங்கள்தான். பத்தாவதாகத் தமிழ் இலக்கியம் எடுக்க அவளுடைய பள்ளியில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. வெளியே டியூசன் வைக்க எங்களிடம் பணம் இல்லை. அத்தனையிலும் ஏ வாங்கினாலும் அவளால் ஒன்பதைத் தாண்ட முடியாது.

கிந்தாக்கரை:
பத்தாவது பாடம் எடுக்க வேண்டும் என்று மனம் வைத்தால் வழி பிறக்கும். இதே வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவன்தான் நானும்.

லயத்துப் பெண்:
மனம் இல்லாமலா விடியற்காலையில் இருட்டோடு பேருந்துக்குப் போகிறாள்? வழி இருந்தவர்கள் மனத்தைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டாம், அண்ணா.

பால்மரம்:
இனமும் வேண்டாம், பத்தும் வேண்டாம். குடும்ப வருமானத்தைப் பாருங்கள். வருமானத்தில் கீழ்மட்ட 40 விழுக்காட்டில் இருக்கும் பி40 குடும்பத்துப் பிள்ளை எந்த இனமானாலும் முதலிடம் கொடுங்கள்.

ஆறாம்படிவ ஆசிரியர்:
வருமானம் மட்டும் போதாது. ஒரே வருமானமுள்ள இரு வீட்டுப் பிள்ளைகளில் ஒருவருக்கு மெட்ரிகுலேசனில் ஓராண்டில் முடியும் பாதை கிடைக்கிறது, மற்றவர் ஆறாம் படிவத்தில் எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு மூன்று பருவங்கள் உழைக்கிறார். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் இனமா இல்லையா என்பதைச் சொல்ல இனக் கணக்கும் வருமானக் கணக்கும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். தங்கச்சி கேட்ட தோட்டம், பட்டணம் என்ற பிரிவையும் அதிலேயே சேர்க்கட்டும். நான் அனுப்பிய பிள்ளைகள் இன்று பொறியாளர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் இருக்கிறார்கள். எந்த வாசலில் எவர் தடுக்கப்பட்டார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

கிந்தாக்கரை:
தடுக்கப்பட்டவர்களில் என் தம்பியும் ஒருவன், ஐயா. ஆறாம் படிவமே சிறந்தது என்று உங்களைப் போன்ற ஆசிரியர்கள் சொன்னதை நம்பி மூன்று பருவங்கள் படித்தான். நல்ல புள்ளிகள் எடுத்தும் கேட்ட படிப்பு கிடைக்கவில்லை. அவன் விண்ணப்பத்திலும் அந்தக் கட்டம் இருந்தது.

ஆறாம்படிவ ஆசிரியர்:
அவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கத்தான் கணக்கு வேண்டும் என்கிறேன். அவனோடு அதே புள்ளிகள் எடுத்து, அதே படிப்பைக் கேட்டவர்களில் யார் யாருக்குக் கிடைத்தது? கட்டத்தை நீக்கிவிட்டால் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட உங்களிடம் ஆதாரம் இருக்காது.

கிந்தாக்கரை:
ஆதாரம் வைத்து நான் என்ன செய்வேன்? அவனுக்கு இடம் வேண்டியிருந்தது. கட்டத்தை எடுங்கள்.

லயத்துப் பெண்:
என் மகளின் விண்ணப்பம் இந்த வாரம் முடிகிறது. பத்தாவது பாடம் இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

ஆறாம்படிவ ஆசிரியர்:
சொல்கிறேன், தங்கச்சி. ஆனால் முதலில் தம்பி கிந்தாக்கரை, அந்த 7 விழுக்காட்டை எப்படி அளப்பது என்ற கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.