மறு: வீட்டுத் தரவுத்தளத்தை வெளியே திறப்பது: போர்ட் ஃபார்வர்டிங்குக்கு ‘மதகுப்பாய்ச்சல்’

நண்பர்களுக்கு வணக்கம்ங்க.

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில் ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் ஓடும் தரவுத்தளத்தை வெளியூரிலிருந்து எடுப்பது எப்படி என்று யார் எழுதத் தொடங்கினாலும் போர்ட் ஃபார்வர்டிங்கில், அதாவது வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு (அதுதான் போர்ட்) வருவதை வீட்டுக்குள் இருக்கும் ஒரு கணினிக்குத் திருப்பிவிடுவதில், வந்து முட்டிக்கொள்கிறார்கள். சர்வருக்கு வழங்கி என்று சொல் இருக்கிறது, ரவுட்டருக்குத் திசைவி, டேட்டாபேஸுக்குத் தரவுத்தளம். இதற்கு மட்டும் நாலு பேர் நாலு சொல் போட்டும் ஒன்றும் நாக்கில் ஒட்டவில்லை.

> போர்ட் என்றால் துறைதானே. ‘துறை முன்னனுப்பல்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவோம்.

நான் இருப்பதே பெருந்துறைப் பக்கம். கூடுதுறையில் முழுக்குப் போட்டு வளர்ந்தவன். துறை என்ற சொல்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் துறை என்பது யாரும் இறங்கிக் குளிக்கிற இடம். அதைத் திறப்பதும் இல்லை, மூடுவதும் இல்லை. நாம் பெயர் வைக்கப்போகிற பொருளுக்கோ திறப்பதும் மூடுவதும்தான் உயிர். அப்புறம், ‘துறை மாற்றம்’ என்று எழுதினால் அமைச்சருக்கு இலாகா மாற்றியதாகத்தான் படிப்பவர் நினைப்பார். முன்னனுப்பல் மின்னஞ்சலுக்குச் சரி. அங்கே ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு ஆள் பார்த்து அனுப்புகிறார். இங்கே ஒருமுறை எழுதிவைத்த விதி இரவும் பகலும் நிற்கிறது.

போர்ட்டுக்கு ‘வாயில்’ சொன்னவர்களுக்கு ஒரே விடை: நுழைவாயில் என்பதை ஏற்கெனவே கேட்வேக்கு, அதாவது வீட்டு வலையிலிருந்து வெளியே போகும் வழிக்கு, கொடுத்துவிட்டோம். திசைவியின் ஒரே அமைப்புப் பக்கத்தில் இரண்டும் வருகின்றன. குழப்பம்தான் மிஞ்சும்.

எனக்கு இந்தச் சொல் கிடைத்த இடத்தைச் சொல்கிறேன். அக்கா மகன் ஈரோட்டில் மஞ்சள் வியாபாரம் செய்கிறான். விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டை, யார் கொண்டுவந்தது, எடை, போன விலை எல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பழைய கணினியில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமாக இருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான். கடையிலிருந்தே அதைப் பார்க்க வேண்டும் என்றான். ஒருநாள் சாயங்காலம் போனில், “மாமா, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்டு பண்ணீட்டீங்களா?” என்று கேட்டான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கட்டிலில் படுத்திருந்த எங்கய்யன் எழுந்து உட்கார்ந்து, “அதென்ன பண்றது?” என்றார்.

அவருக்குக் கீழ்பவானி வாய்க்காலை வைத்துத்தான் சொல்ல முடியும். பவானிசாகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்கால், 2,07,000 ஏக்கர் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம். இங்கே மதகு என்றாலே எண்தான். ஒரு முறை ஒற்றைப்படை மதகுகளுக்கு நன்செய்த் தண்ணீர், மறுமுறை இரட்டைப்படை மதகுகளுக்குப் புன்செய்த் தண்ணீர். எங்கள் காடு எந்த மதகில் வருகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். “வெளியே இணையம் வாய்க்கால் மாதிரி போகுதுங்க. நம்ம வீட்டுத் திசைவியில 65,536 மதகு இருக்குது, எல்லாம் மூடிக் கிடக்குது. அதுல 5432ஆவது மதகைத் திறந்து, அதுல வர்றதை இந்தக் கணினிக்கு மட்டும் பாய்ச்சோணும்” என்றேன். 5432 என்பது போஸ்ட்கிரெஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் எண்.

உடனே கேட்டார்: “அப்ப வூட்ல இருக்கற மத்ததுக்குப் போகாதா?”

போகாது. அதுதான் இந்தப் பொருளின் நடு. வெளியுலகுக்கு எங்கள் வீடு முழுவதற்கும் ஒரே முகவரிதான். உள்ளே கணினி, கைப்பேசிகள், தொலைக்காட்சி என்று ஒவ்வொன்றுக்கும் 192.168 என்று தொடங்கும் தனி முகவரி. இந்த உள்முகவரிகளை 1996இல் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதிமுறை ஆவணம் ஒதுக்கி வைத்தது. எந்த வீட்டிலும் இவையே இருக்கலாம், வெளியிலிருந்து நேராக இவற்றை அழைக்க முடியாது. நாம் உள்ளிருந்து கேட்டதற்கு வரும் விடையைத் திசைவி நினைவில் வைத்து உரிய கருவியிடம் சேர்த்துவிடும். கேட்காமல் வந்து கதவைத் தட்டுவதை யாரிடம் கொடுப்பது என்று அதற்குத் தெரியாது, கைவிட்டுவிடும். 5432க்கு வருவது இந்த உள்முகவரிக்கு என்று நாம் ஒரு வரி எழுதிவைத்தால்தான் தெரியும். மதகுக்கு ஆயக்கட்டு எழுதிவைப்பது போலவே.

ஆகவே என் முன்மொழிவு: போர்ட் – மதகு. போர்ட் எண் – மதகு எண். போர்ட் ஃபார்வர்டிங் – மதகுப்பாய்ச்சல். வினையாக மதகு பாய்ச்சு. திறந்த மதகு, மூடிய மதகு என்பவை தாமாகவே வந்துவிடுகின்றன. ஒரு சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பதைவிடப் போனில் சொல்லிப் பார்ப்பதையே நான் நம்புகிறேன். “5432ஐப் பாய்ச்சி விட்டாச்சா?” “எந்த மதகுல கேக்கோணும்?” அக்கா மகன் மூன்றாம் நாளே இப்படித்தான் பேசினான். நான் சொல்லித் தரவில்லை. யுஎஸ்பி போன்ற வன்பொருள் போர்ட்டுக்கு இது பொருந்தாது. அது வேறு பொருள், செருகுவாய் என்று ஏற்கெனவே பேசியதே போதும்.

> மதகு கிராமத்துச் சொல். நகரத்து வாசகருக்கு எட்டாது. ‘மடைமாற்றம்’ ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்தது, அதையே எடுக்கலாமே?

மடைமாற்றம் எனக்கும் முதலில் பிடித்தது. மம்முட்டியால் ஒரு கொத்து மண்ணை இங்கே எடுத்து அங்கே வைத்தால் தண்ணீர் திரும்பும். அழகான வேலை, அழகான சொல். ஆனால் செய்தித்தாள்கள் அதை ‘நிதி மடைமாற்றம்’ ஆக்கிவிட்டன. ஒரு நோக்கத்துக்கு வைத்த பணத்தை வேறொன்றுக்குக் கொண்டுபோன வாடை அதில் ஏறிவிட்டது. இங்கே எதுவும் திசை தப்பிப் போகவில்லை, சேர வேண்டிய இடத்துக்குத்தான் போகிறது. மடைக்கு எண்ணும் கிடையாது. நகரத்து வாசகரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மழைக்காலத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகு எத்தனை அடி திறந்தார்கள் என்று சென்னையே காத்திருந்து கேட்கிறது.

நான் இந்தச் சொல்லுக்காக இவ்வளவு வாதாடுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. எங்கய்யன் அன்றைக்கு இரண்டாவதாகக் கேட்டது: “தொறந்து உட்டுட்டு வந்து படுத்துக்கறதா? ராத்திரிக்கு யாரு காவல்?”

யாரும் இல்லை. நாம் எதையும் மாற்றாதவரை போஸ்ட்கிரெஸ் 127.0.0.1இல் மட்டும், அதாவது அதே கணினியில் இருப்பவர் பேச்சை மட்டும் கேட்கும். நான் அதைத் தளர்த்தி, எந்த முகவரியிலிருந்தும் வரலாம் என்று எழுதி, மதகையும் பாய்ச்சிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பதிவுக் கோப்பைத் திறந்தால், முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து ‘போஸ்ட்கிரெஸ்’, ‘அட்மின்’, ‘ரூட்’ என்ற பெயர்களில் கடவுச்சொல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த வரிகள், பக்கம் பக்கமாக. கடவுச்சொல் நீளமாக இருந்ததால் யாரும் உள்ளே வரவில்லை. அந்த வரிகளைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ஒரு ஊர் விவசாயிகளின் வரவு செலவு அதில் இருக்கிறது. மதகு என்ற சொல்லைக் கேட்டால் திறந்து வைத்ததை மூட வேண்டுமே என்ற நினைப்பு கூடவே வருகிறது. முன்னனுப்பல் என்று கேட்டால் வரவில்லை.

அன்றே மூடிவிட்டேன். இப்போது கடைக் கணினிக்கும் வீட்டுக் கணினிக்கும் இடையே எஸ்எஸ்ஹெச் டனல், அதாவது வெளியார் படிக்க முடியாதபடி பூட்டிய தனி இணைப்பு, ஓடுகிறது. வெளியே திறந்திருப்பது அதற்கான ஒரு மதகு மட்டும், அதிலும் கடவுச்சொல் செல்லாது, சாவிக்கோப்பு இருந்தால்தான். டனலுக்குச் சுரங்கம் என்று எழுதிவருகிறோம். நம் பகுதியில் ஆற்றோரக் கிணற்றிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு மண்ணுக்கடியில் குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுபோகிறார்கள். நடுவில் எத்தனையோ பேர் காட்டைத் தாண்டிப் போகும், ஒருவரும் ஒரு சொம்பு மொள்ள முடியாது. டனல் செய்வது அதே வேலை. ‘புதைகுழாய்’ என்று சொல்லிப் பாருங்கள். இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

போன மடலில் கோபிக்காரர் ஒருவர், எல்லாம் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து எட்டவில்லை என்று எழுதியிருந்தார். உங்கள் திசைவி காட்டும் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் ஒன்றில் தொடங்குகிறதா பாருங்கள். அப்படியானால் இணைய இணைப்புத் தரும் நிறுவனம் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. 2012இல் அதற்கென்றே ஒதுக்கிய எண்கள் அவை. தலைமதகு அவர்கள் கையில் இருக்கும்போது நீங்கள் கடைமதகைத் திறந்து பயனில்லை. உங்கள் வீட்டுக்கென்று தனி வெளிமுகவரி கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் வெளியே ஒரு சிறு வழங்கியை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்குப் புதைகுழாய் போடுங்கள். உள்ளிருந்து வெளியே போவதைப் பொதுவாக யாரும் தடுப்பதில்லை.

இன்னும் ஒன்று தீரவில்லை. ஒரு நிரல் ஒரு போர்ட்டில் ‘லிசன்’ செய்கிறது, அதாவது யாராவது வருகிறார்களா என்று காத்திருக்கிறது, என்பதற்குச் செவிமடுத்தல் என்று எழுதிவருகிறோம். மதகுக்குக் காது ஏது என்று இப்போதே இடிக்கிறது. மதகைத் திறந்தும் உள்ளே நிரல் ஓடவில்லை என்றால் வந்தவர் திரும்பிப் போவார், ஆகவே இதற்கும் நல்ல சொல் வேண்டும். ‘மதகில் ஆள் நிற்கிறது’ என்பதுவரை எனக்கு வந்திருக்கிறது, பெயர்ச்சொல் வரவில்லை. டெல்டா பக்கத்து நண்பர்களே, மதகடியில் தண்ணீருக்குக் காத்து நிற்பவரை உங்கள் ஊரில் என்னவென்று சொல்வீர்கள்?