சர்க்கரைக் கரைசலிலும் எல்.இ.டி எரிகிறது, என்ன கோளாறு?

டியூஷன் டீச்சர், திசையன்விளை:
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதிப்பிணைப்புப் பாடம் நடத்துகிறேன். அயனிச் சேர்மம் (உப்பு போல, மின்னூட்டம் கொண்ட அணுக்களான அயனிகளால் ஆனது) திண்மமாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தாது, நீரில் கரைத்தால் கடத்தும், சர்க்கரை கரைந்தாலும் கடத்தாது என்று சொல்லிவிட்டுச் சோதித்துக் காட்டினேன். 9 வோல்ட் பேட்டரி, எல்.இ.டி, 470 ஓம் மின்தடை, இரண்டு செம்புக் கம்பிகள். உப்புக் கரைசலில் பளிச்சென்று எரிந்தது. ஆனால் சர்க்கரைக் கரைசலிலும் மங்கலாக எரிகிறது. கரைக்காத கல்லுப்புக் குவியலில் செருகினாலும் மினுக் மினுக்கென்கிறது. "அப்போ புத்தகம் தப்பா டீச்சர்?" என்கிறார்கள் பிள்ளைகள். யாராவது வழி சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், பாளையங்கோட்டை:
புத்தகம் சரிதான் அம்மா. எந்தத் தண்ணீர் எடுத்தீர்கள்? சர்க்கரை போடாமல் அதே தண்ணீரில் கம்பிகளை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

டியூஷன் டீச்சர்:
போர்வெல் தண்ணீர் ஐயா. வெறும் தண்ணீரிலேயே எரிகிறது! சர்க்கரை போட்டாலும் அதே வெளிச்சம்தான்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
அப்படியானால் சர்க்கரைமேல் பழியில்லை. நிலத்தடி நீரில் சோடியம், கால்சியம், மக்னீசியம், குளோரைடு, பைகார்பனேட் அயனிகள் ஏற்கெனவே கரைந்திருக்கின்றன. அந்தத் தண்ணீரே ஒரு மின்பகுளி, அதாவது அயனிகளால் மின்சாரத்தைக் கடத்தும் கரைசல். சர்க்கரை மூலக்கூறு சகப்பிணைப்பால் ஆனது, அதாவது அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு இணைந்திருக்கின்றன. கரையும்போது முழு மூலக்கூறாகவே பிரிந்து போகிறது, அயனி எதையும் தருவதில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கேன் தண்ணீர் வேண்டாம், அதிலும் கொஞ்சம் தாதுக்கள் இருக்கும். டம்ளரையும் கம்பியையும் அதே டிஸ்டில்டு வாட்டரில் அலசிவிட்டுச் செய்யுங்கள்.

உப்பளக்காரர் மகன், ஆறுமுகநேரி:
கல்லுப்பைப் பற்றி நான் சொல்கிறேன் டீச்சர். கடல்நீரில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் அது நிறைய இருக்கும், வாரும்போது உப்போடு கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் இருக்கிறது. மின்சாரம் அந்த ஈரத்தில்தான் ஓடுகிறது, கல்லுக்குள் ஓடவில்லை. கல்லை விரலால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்து, ஆறியதும் உடனே சோதியுங்கள்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
அருமையான விளக்கம் தம்பி. பிள்ளைகளுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அம்மா: சோடியம் ஓர் எலக்ட்ரானைக் குளோரினுக்குக் கொடுத்து இரண்டும் அயனிகளாகின்றன. படிகத்தில் அவை இடம்விட்டு நகர முடியாது. அயனி உண்டு, ஓட்டம் இல்லை. 801 டிகிரி செல்சியஸில் உப்பு உருகினால் தண்ணீரே இல்லாமல் கடத்தும். அதைச் செய்து காட்ட முயல வேண்டாம், வாயால் சொன்னால் போதும்.

டியூஷன் டீச்சர்:
வறுத்த உப்பில் எரியவே இல்லை! டிஸ்டில்டு வாட்டரில் கரைத்த சர்க்கரையிலும் இல்லை. அதிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டதும் பிரகாசமாக எரிந்தது, பிள்ளைகள் கைதட்டிவிட்டார்கள். இருவருக்கும் மிகுந்த நன்றி. ஒன்று மட்டும்: உப்புக் கரைசல் பச்சையாகக் கலங்குகிறதே, ஏன்?

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்:
நேர்மின்வாயிலுள்ள (பேட்டரியின் நேர்முனைப் பக்கக் கம்பி) செம்பு அயனியாகிக் கரைசலில் இறங்குகிறது. எதிர்மின்வாயில் எழும் குமிழ்கள் ஹைட்ரஜன். அந்தக் கரைசலைப் பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செம்புக்குப் பதிலாக இருமுனையும் சீவிய பென்சில்களை வைத்தால் கலங்காது, ஆனால் நேர்மின்வாயில் குளோரின் வரும், பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். சன்னலைத் திறந்து வைத்து, சில நொடிகளில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.